ஸ்கூட்டியின் கடைசி வேகம் எங்கே தொலைகிறது? பெல்ட், ரோலர், வேரியேற்றர் சீராக்கும் முழு வழிகாட்டி

"புதுசில 85 போனது, இப்ப 70க்கு மேல ஏறுதில்லை. பாரமான ரோலர் போட்டால் சரிவருமா?" திருகோணமலையில் எந்த கராஜ் வாசலில் நின்றாலும் காதில் விழும் கேள்வி இது. பெரும்பாலும் சரிவராது என்பதுதான் பதில். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. ஆகவே இங்கே ஓடும் டியோ, பெப், வீகோ பலவற்றுக்கு வயது ஏறிவிட்டது. அவற்றின் வேகத்தைத் தின்றிருப்பது பெரும்பாலும் தேய்மானம். தேய்ந்ததை மாற்றாமல் ரோலரின் எடையோடு விளையாடினால் பெற்றோல் செலவுதான் கூடும். ஆகவே முதலில் இழந்த வேகத்தை மீட்க வேண்டும், பிறகு எஞ்சினின் சுற்றை (நிமிடத்துக்கு எத்தனை தடவை சுற்றுகிறது என்பதை) சரியான இடத்தில் நிறுத்த வேண்டும். அதற்கு மேலும் வேண்டும் என்றால் மட்டும் கியரைப் பற்றி யோசிக்கலாம். இந்த ஒழுங்கை மாற்ற வேண்டாம்.

உள்ளே நடப்பது

எஞ்சினின் இடப்பக்க மூடிக்குள் இரண்டு புலிகளும் (பெல்ட் ஓடும் கப்பிகள்) ஒரு வி-பெல்ட்டும் இருக்கின்றன. முன் புலி எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கோடு சுற்றும். அதன் ஒரு பாதி அசையாது. விசிறி இதழ் உள்ள பக்கம் அது. மற்றப் பாதி வேரியேற்றர். அதற்குள் பெரும்பாலும் ஆறு ரோலர்கள், அதாவது சிறு உருளைகள், இருக்கும். சுற்று கூடும்போது ரோலர்கள் வெளிப்பக்கம் ஓடி, வேரியேற்றரை விசிறிப் பாதியை நோக்கித் தள்ளும். இடைவெளி ஒடுங்க, பெல்ட் விளிம்பை நோக்கி ஏறும். பெல்ட்டின் நீளம் மாறாது. அதனால் பின் புலி தன் பெரிய ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு விரிய, அங்கே பெல்ட் கீழே இறங்கும். முன்னால் பெரிய வட்டம், பின்னால் சிறிய வட்டம் என்று வந்துவிட்டால் அதுதான் பெல்ட்டின் உச்ச விகிதம்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகும். பெல்ட் முழுவதும் மேலே ஏறி நின்ற பிறகு ரோலரின் எடையைக் கூட்டுவதால் வேகம் கூடாது. பாரமான ரோலர் வேகத்தைக் கூட்டுவது, பெல்ட் அதுவரை மேலே ஏறாமல் இருந்திருந்தால் மட்டுமே. ஏறாததற்கு வேறு காரணம் இருந்தால் அப்போதும் கூட்டாது.

கடைசி வேகத்தை மூன்று காரணங்களில் ஒன்று கட்டிப்போடுகிறது. பெல்ட் மேலே ஏறவில்லை. அல்லது ஏறியும் எஞ்சின் தன் சுற்று எல்லையை முட்டிவிட்டது. அல்லது ஏறியும் காற்றைப் பிளக்கும் வலு எஞ்சினில் இல்லை. எது என்று தெரியாமல் பாகம் வாங்க வேண்டாம்.

மூன்றாவதைப் பற்றி ஒரு கணக்கு. காற்றுத்தடையை வெல்லத் தேவையான வலு வேகத்தின் முப்படியாகக் கூடும். 80இல் இருந்து 90க்குப் போக, 90ஐ 80ஆல் வகுத்து, அந்த விடையை மூன்று தடவை எழுதிப் பெருக்குங்கள்: 1.42. அதாவது 42 சதவீதம் கூடுதல் வலு. 110 சீசீ டியோவில் இருப்பது ஏறத்தாழ 8 குதிரைவலு. ரோலரும் ஸ்பிரிங்கும் வலுவை உண்டாக்குவதில்லை, இருப்பதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவதுதான் அவற்றின் வேலை. 110 சீசீ வண்டியை 100க்கு மேல் ஓட வைக்கும் ரோலர் செட் என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம்.

மூடியைத் திறக்கும் முன்

ஸ்பீடோமீற்றரை விட்டுவிடுங்கள், அது பொதுவாகக் கூட்டித்தான் காட்டும். தொலைபேசியின் ஜி.பி.எஸ். போதும். ஒரே பாதையில் போயும் வந்தும் ஓடி இரண்டின் சராசரியை எடுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும்போது, உப்புவெளியிலிருந்து நிலாவெளி போகும் பக்கம் அது பக்கவாட்டில் சற்றுப் பின்னிருந்து தள்ளும், திரும்பும்போது சற்று முன்னிருந்து தடுக்கும். ஒரு பக்கம் மட்டும் ஓடிப் பார்த்து "ரோலர் வேலை செய்யுது" என்று முடிவெடுப்பவர்கள் அளப்பது கச்சானை.

நடுத்தாங்கியில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். பிறேக் சூ உரசினால் அதுவே சில கிலோமீற்றரைத் தின்னும். ரயர்க் காற்று, எயார் ஃபில்டர், பிளக், வால்வ் இடைவெளி ஆகியவற்றைப் பாருங்கள். அக்சிலேற்றர் கேபிளை முழுவதும் முறுக்கும்போது த்ரொட்டில் உண்மையில் முழுவதும் திறக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை. தொய்ந்த கேபிளால் முக்கால்வாசிதான் திறக்கும் வண்டிகள் ஏராளம்.

சுற்று அளக்க, பிளக் வயரில் சுற்றிக் கட்டும் சிறிய டிஜிற்றல் டாக்கோமீற்றர் ஒன்று வாங்குங்கள். இந்த வேலையில் செய்யும் செலவில் மிகப் பயனுள்ளது அதுதான். இந்த வகை எஞ்சின்களில் பெரும்பாலானவை கிராங்கின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தீப்பொறி விடும், ஆகவே மீற்றரை "ஒரு சுற்றுக்கு ஒரு பொறி" என்ற அமைப்பில் வையுங்கள். ஐட்லிங்கில் 1,500 முதல் 1,900 வரை காட்டினால் அமைப்பு சரி. 800 அல்லது 3,500 காட்டினால் அமைப்பு பிழை.

திறத்தலும் அளத்தலும்

எஞ்சின் ஆறிய பிறகு தொடங்குங்கள். மூடியின் போல்ட்கள் எல்லாம் ஒரே நீளம் அல்ல. ஒரு அட்டைத் துண்டில் மூடியின் உருவத்தைக் கீறி, கழற்றும் ஒவ்வொன்றையும் அதே இடத்தில் குத்தி வையுங்கள். நீளமானதைக் குறுகிய துளையில் முறுக்கினால் அலுமினியப் புரி போய்விடும். மூடியில் கிக்கர் இருந்தால் அதன் பற்சில்லு எப்படி நின்றது என்று ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

முன் நட்டைக் கழற்ற புலி பிடிக்கும் கருவி வேண்டும். விசிறி இதழ்களுக்குள் ஸ்குறூட்றைவரைச் செருகி நிறுத்துவது இங்கே சாதாரணமாக நடக்கிறது. இதழ் ஒன்று உடைந்தால் புலி சமநிலை இழந்து அதிரும், குளிர்காற்றும் குறையும். விசிறிப் பாதியை எடுத்து, பெல்ட்டை விலக்கி, வேரியேற்றரை ரோலர்களை மூடும் பின்தட்டோடு சேர்த்துப் பிடித்தபடி இழுங்கள். தட்டை விட்டால் ரோலர்கள் உள்ளே இடம் மாறி விழும், அவை எப்படித் தேய்ந்தன என்று பிறகு தெரியாது.

இனி வேர்னியர் அளவுகோலுக்கு வேலை. பெல்ட்டின் அகலத்தை நாலைந்து இடங்களில் அளந்து, அதே இலக்கப் புதிய பெல்ட்டோடு ஒப்பிடுங்கள். ஒரு மில்லிமீற்றர் குறைந்தால் என்ன வந்துவிடும் என்று நினைப்பீர்கள். புலியின் சரிவு ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 14 பாகை. அந்தச் சரிவில் 1 மில்லிமீற்றர் ஒடுங்கிய பெல்ட் 2 மில்லிமீற்றர் கீழே உட்காரும். புதிய பெல்ட் முன்னால் 50 மில்லிமீற்றர் ஆரையிலும் பின்னால் 40இலும் ஓடுவதாக வைத்துக்கொண்டால், பின்னதை முன்னதால் வகுத்த விகிதம் 0.80. தேய்ந்தது முன்னால் 48, பின்னால் 42. விகிதம் 0.875. அதே சுற்றில் 85 போன வண்டி இப்போது 78தான் போகும். தொலைந்த 7 கிலோமீற்றரை எந்த ரோலரும் திருப்பித் தராது. பெல்ட்டை மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது வண்டிக்குரிய இலக்கத்தையே கேளுங்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் வேறு நீளப் பெல்ட், புறப்படும் விகிதத்தையோ உச்ச விகிதத்தையோ கெடுக்கும்.

ரோலரின் விட்டத்தையும் அகலத்தையும் அளந்து எழுதுங்கள். 16×13, 18×14 ஆகியவை பரவலான அளவுகள். ஒரு பக்கம் தட்டையான ரோலர் இரண்டு கெடுதல் செய்யும்: தட்டையில் நின்று நகர மறுக்கும், கடைசியில் வேரியேற்றரைத் தள்ளும் தூரமும் குறையும். ஆறில் ஒன்று தட்டையானாலும் ஆறையும் மாற்றுங்கள். பின்தட்டின் காதுகளில் இருக்கும் மூன்று பிளாஸ்டிக் வழிகாட்டிகளையும் அதோடு மாற்றுங்கள். அவை தளர்ந்தால் முறுக்கும்போது "டக்டக்" என்று அடிக்கும்.

புலிகளின் முகத்தில் நகத்தை உள்ளிருந்து வெளியே இழுத்துப் பாருங்கள். படிபோல் தட்டுப்பட்டால் பெல்ட் அங்கேயே முட்டி நிற்கும், அந்தப் பாதியை மாற்ற வேண்டும். வேரியேற்றர் வழுக்கும் நடுக்குழாயான பொஸ்ஸில் கீறலோ துருவோ இருக்கக் கூடாது. பின்புலியின் இரு பாதிகளையும் கையால் திருகித் திறந்தால் ஒரே சீராகத் திறந்து மூட வேண்டும். நடுவில் பிடித்தால் உள்ளே கிறீஸ் காய்ந்து, ஊசியோடும் தடத்தில் துரு ஏறியிருக்கும். கடல்காற்றில் நிற்கும் வண்டிகளில் இதைக் கண்டிப்பாக எதிர்பாருங்கள். அதைப் பிரிக்கும்போது கிளட்ச்சின் பெரிய நட்டுக்குப் பின்னால் அமுங்கிய ஸ்பிரிங் இருப்பதை மறக்க வேண்டாம். ஸ்பிரிங் அமுக்கும் கருவி இல்லாமல் கழற்றினால் முகத்தில் அடிக்கும். கருவி இல்லையென்றால் அந்த ஒரு வேலையைக் கராஜில் கொடுத்துவிடுங்கள்.

மார்க்கர் சோதனை

விசிறிப் பாதியின் உட்சரிவில் நடுவிலிருந்து விளிம்பு வரை பெர்மனன்ட் மார்க்கரால் மூன்று கோடு கீறி, எல்லாவற்றையும் பூட்டி, ஒரு ஓட்டம் ஓடித் திறந்து பாருங்கள். பெல்ட் தொட்ட இடம்வரை மை அழிந்திருக்கும். விளிம்பில் மை மிச்சம் இருந்தால் அவ்வளவு கியர் பயன்படாமல் கிடக்கிறது. விளிம்புவரை அழிந்திருந்தால் வேரியேற்றரிலிருந்து எடுக்க இனி விகிதம் இல்லை.

கணக்காலும் சரிபார்க்கலாம். கிளட்ச்சை மூடியிருக்கும் கிண்ணமான கிளட்ச் பெல்லிலும் பின்சக்கரத்திலும் கோடு போட்டு, சக்கரத்தை 10 சுற்றுச் சுற்றி, பெல் எத்தனை சுற்றுச் சுற்றியது என்று எண்ணுங்கள். 90 வந்தால் பின்சக்கரத்தோடு இருக்கும் கியர்ப்பெட்டியின் விகிதம், அதாவது கடைசிக் கியர் விகிதம், 9. பிறகு நீங்கள் ஏறி இருக்க இன்னொருவர் வண்டியை உருட்ட, சக்கரத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு வண்டி நகர்ந்த தூரத்தைச் சோக்கால் குறித்து அளவுங்கள். 90/100-10 ரயரின் சுற்றளவு கணக்கில் 1.36 மீற்றர், பாரத்தில் சற்றுக் குறையும். 7,500 சுற்றில் ஜி.பி.எஸ். 78 காட்டுகிறது என்று எடுத்துக்கொண்டால், 78ஐ 3.6ஆல் வகுத்து, சுற்றளவால் வகுத்து, 60ஆல் பெருக்க, சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 955 சுற்று. 7,500ஐ 955ஆல் வகுக்க 7.85. அதை 9ஆல் வகுக்க வரும் பெல்ட்டின் விகிதம் 0.87. புதிய பெல்ட்டில் இது 0.80க்கு வந்தால், கணக்கும் மார்க்கரும் ஒன்றையே சொல்கின்றன.

ரோலரின் எடையைத் தெரிவு செய்தல்

தேய்ந்தவை எல்லாம் மாறிய பிறகுதான் இந்த இடத்துக்கு வர வேண்டும், அதுவும் தொழிற்சாலை எடையோடு. சமதரையில் நின்ற இடத்திலிருந்து முழுவதும் முறுக்குங்கள். கிளட்ச் பிடித்த பிறகு வேகம் ஏறிக்கொண்டே போகும், சுற்றோ ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்கும். அந்த நிலைத்த சுற்றுத்தான் டியூனிங்கின் உயிர். பெல்ட் மேலே முட்டியதும் சுற்று மறுபடி வேகத்தோடு சேர்ந்து ஏறத் தொடங்கும். நிலைத்த சுற்று 30 முதல் 50 கிலோமீற்றருக்குள் தெளிவாகத் தெரிந்துவிடும். ஆகவே இந்தச் சோதனைக்கு வீதியின் வேக எல்லையை மீறத் தேவையே இல்லை.

எஞ்சினின் உச்ச வலு எந்தச் சுற்றில் என்று கையேட்டில் பாருங்கள். 110 டியோ வகைகளில் அது 7,000 முதல் 8,000 வரை. பெற்றோல் மிச்சத்துக்காகவும் சத்தம் குறையவும் தொழிற்சாலையில் நிலைத்த சுற்றை அதற்குக் கீழேயே வைப்பார்கள். அதை உச்ச வலுவுக்கு அருகே கொண்டுவந்தால் ஏறும் வேகம் கூடும், எதிர்காற்றில் கடைசி வேகம் சரியாமல் நிற்கும்.

எவ்வளவு மாற்றுவது என்பதற்கு ஊகம் வேண்டாம். மையநீக்க விசை எடைக்கும் சுற்றின் இருபடிக்கும் ஏற்பக் கூடுவதால், எடையைக் குறைத்தால் சுற்று அதன் வர்க்கமூலத்தின்படி கூடும். 12 கிராமிலிருந்து 11க்கு இறங்கினால் 12ஐ 11ஆல் வகுத்த வர்க்கமூலம் 1.044. நிலைத்த சுற்று 6,500 இருந்தால் இனி ஏறத்தாழ 6,790. ஒரு ரோலருக்கு ஒரு கிராமுக்கு மேல் ஒரே தடவையில் மாற்ற வேண்டாம். இடைநடுவே வேண்டுமென்றால் மூன்று 11உம் மூன்று 12உம் ஒன்றுவிட்டு ஒன்றாக வையுங்கள், மொத்தம் 69 கிராம். ஒரே எடையை ஒரு பக்கம் சேர்த்து வைத்தால் அதிரும். நகை நிறுக்கும் சிறு தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்ப்பதும் நல்லது. மலிவான செட்களில் பெட்டியில் எழுதியது ஒன்று, உள்ளே இருப்பது வேறு.

மிகவும் இலேசானதைப் போட்டால் எஞ்சின் கத்தும், வேகம் வராது, பெல்ட் மேலே ஏறாது. மார்க்கர் அதைக் காட்டிக்கொடுக்கும். மிகவும் பாரமானதைப் போட்டால் கியர் சீக்கிரம் ஏறி, எஞ்சின் முனகும். இருவர் ஏறி ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் முழுவதும் முறுக்கிப் பாருங்கள். சுற்று விழுந்து இழுவை செத்தால் எடை அதிகம்.

பின் ஸ்பிரிங்கை 110 சீசீயில் தொழிற்சாலை அளவிலேயே விடுங்கள். இறுக்கமான ஸ்பிரிங் பின்புலியை முழுவதும் விரிய விடாது, வேகத்தைக் குறைக்கும். பெல்ட்டும் சூடாகும். சோர்ந்த பழையதற்குப் பதில் அதே அளவில் புதியது போதும். கிளட்ச்சின் சிறு ஸ்பிரிங்குகள் புறப்படுவதை மட்டுமே மாற்றும், கடைசி வேகத்தோடு அவற்றுக்குத் தொடர்பில்லை.

பூட்டும்போது நடக்கும் பெரிய பிழை

இந்தப் பகுதியை இரண்டு தடவை வாசியுங்கள். கிராங்கின் பற்கள் வழுக்கி எஞ்சினைப் பிரிக்க வேண்டி வரும் சேதம் இங்கேதான் தொடங்குகிறது.

பின்புலியை இரு கையாலும் விரித்து, பெல்ட்டை அதன் அடிவரை அமுக்குங்கள். அப்போது முன்னால் பெல்ட் தளர்ந்து பொஸ்ஸின் மேல் தொங்கும். அப்படித் தொங்கும்போதே விசிறிப் பாதியைப் போட்டு நட்டை முறுக்க வேண்டும். பெல்ட்டைத் தளர்த்தாமல் முறுக்கினால் அது இரு பாதிகளுக்கும் நடுவே நசுங்கும். நட் இறுகியதுபோல் கைக்குத் தெரியும், ஆனால் அது இறுகியிருப்பது றப்பரில். முதல் ஓட்டத்தில் பெல்ட் நகர்ந்ததும் இறுக்கம் போய், விசிறிப் பாதி கிராங்கின் பற்களில் ஆடத் தொடங்கும். அதனால் நட்டை முறுக்கும் முன் விசிறிப் பாதி பொஸ்ஸின் முகத்தில் தட்டையாக உட்கார்ந்ததா, கிராங்கின் புரி நட்டுக்கு வெளியே போதுமான அளவு தெரிகிறதா என்று பாருங்கள். முறுக்கிய பிறகு பெல்ட்டைக் கையால் அசைத்தால் அது தளர்வாக ஆட வேண்டும். கையேட்டில் சொன்ன முறுக்கு அளவுக்கு டோர்க் ரெஞ்சால் இறுக்குங்கள். எயார் கன்னால் அடித்து இறுக்குவது ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும்.

பெல்ட்டின் அம்புக்குறி சுழலும் திசையைப் பார்க்கட்டும். ரோலர்களில் உலோகம் தெரியும் பக்கம், வேரியேற்றரின் தள்ளும் சுவரில் உராயக் கூடாது. பழையவை நின்ற பக்கமே புதியவையும் நிற்கட்டும். உலர்ந்து ஓடும் ரோலருக்குக் கிறீஸ் பூச வேண்டாம், அது தூசியைப் பிடித்துப் பசையாகும், வெளியே தெறித்தால் பெல்ட் வழுக்கும். றப்பர் சீல் வைத்து கிறீஸுக்கென்றே செய்த வேரியேற்றர் சிலவற்றில் மட்டும் கையேட்டின் அளவுக்கு இடுங்கள். புலிகளின் முகத்தைப் பிறேக் கிளீனரால் துடைத்து, பிறகு விரல்படாமல் பூட்டுங்கள். புதிய பெல்ட்டுக்கு முதல் 100 கிலோமீற்றரில் முழு முறுக்கு வேண்டாம்.

கடைசிக் கியர்

பின்சக்கரத்தோடு இருக்கும் கியர்ப்பெட்டியின் விகிதத்தை மாற்றுவது வேகத்துக்கு நேர்வழிபோல் தோன்றும். பெல்ட் விளிம்புவரை ஏறியும் எஞ்சின் சுற்று எல்லையை முட்டி நிற்கும் வண்டிக்கு மட்டுமே அது பயன்தரும். 110 சீசீயில் அந்த நிலை அரிது. நீண்ட கியர் போட்டால் எதிர்காற்றில் முன்பைவிட மெதுவாகப் போகும். கியர் ஒயிலை மட்டும் உரிய காலத்தில், அளவு பார்த்து மாற்றுங்கள்.

நம்மூர் மணலும் தண்ணீரும்

பெல்ட் அறைக்குள் குளிர்காற்று இழுக்கும் துவாரத்தில் ஒரு பஞ்சு வடிகட்டி பல மாடல்களில் உண்டு. நிலாவெளி, டச்சுக்குடா மணல் அதில் அடைத்தால் அறை சூடாகி, பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடிபோல் மினுங்கி வழுக்கும். பஞ்சு கிழிந்திருந்தால் மணல் நேரே உள்ளே போய்ப் புலியை அராவும். மாரியில் தம்பலகாமம், கிண்ணியாப் பக்கம் வெள்ளத்துக்குள் ஓடிய பிறகு "எஞ்சின் கத்துது, வண்டி போகுதில்லை" என்றால் பெல்ட் நனைந்திருக்கிறது. முறுக்கிக்கொண்டே போகாமல், மூடியைத் திறந்து துடைத்து உலர்த்துங்கள்.

மீட்ட வேகத்தை நிறுத்த

டியோவின் 130 மில்லிமீற்றர் டிரம் பிறேக்கும் 10 அங்குல ரயரும் பெரிய வேகத்துக்குச் செய்தவை அல்ல. பிறேக் சூவை மாற்றாமல் பெல்ட்டை மட்டும் மாற்ற வேண்டாம். நகருக்குள் மானும் மாடும் எந்த நேரமும் வீதியில் நிற்கும், கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் இரவில் யானை ஏறும். ஓட்டப் பரிசோதனையைப் பகல் வெளிச்சத்தில், ஆள் குறைந்த நேரத்தில், எழுதிய வேக எல்லைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் 50 கிலோமீற்றருக்குப் பிறகு ஒருமுறை மூடியைத் திறந்து முன் நட்டின் இறுக்கத்தைப் பாருங்கள். நட்டிலிருந்து கிராங்க் முனைவரை பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்தால், அடுத்தமுறை திறந்ததும் அது அசைந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும்.